நேஷனல் ஹிஸ்டரி டே: 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது எப்படி

நேஷனல் ஹிஸ்டரி டே என்பது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வரலாற்றுத் தலைப்பை ஆய்ந்து, கட்டுரை, காட்சிப் பலகை, ஆவணப்படம் போன்ற வடிவில் வழங்கும் போட்டி. அதன் மதிப்பீட்டுத் தாளை ஆய்வு தொடங்கும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். மதிப்பீட்டில் 80 சதவீதம் வரலாற்றுத் தரத்துக்கு, 20 சதவீதம்தான் வழங்கும் தெளிவுக்கு. பிள்ளைகள் நேரம் செலவழிப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழாக. தலைப்பை ஒரே மாலையில் பிடித்துவிடுவார்கள், இணையத்தில் முதலில் வந்த நான்கு பக்கங்களை வாசிப்பார்கள், மீதி இரண்டு மாதமும் பலகைக்கு வண்ணத்தாள் ஒட்டுவதில் போய்விடும். கூட இருக்கும் ஆசிரியரும் பெற்றோரும் முதலில் திருத்த வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

போட்டி 1974இல் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஜூனியர் பிரிவு. பள்ளி, வட்டாரம், மாநிலம் என்று ஏறி, மாநிலத்தில் ஒவ்வொரு வகையிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் ஜூன் மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நடக்கும் தேசியச் சுற்றுக்குப் போவார்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. 2024–25க்கு 'வரலாற்றில் உரிமைகளும் பொறுப்புகளும்', 2025–26க்கு 'புரட்சி, எதிர்வினை, சீர்திருத்தம்'. தலைப்பு எந்த நாட்டு வரலாறாகவும் இருக்கலாம், ஆனால் கருப்பொருளோடு ஒட்ட வேண்டும்.

வட்டாரப் போட்டிகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருவதால் நாட்களைப் பின்னிருந்து எண்ணுங்கள். செப்டம்பர் முழுக்கத் தலைப்பு தேட. அக்டோபர், நவம்பர் வாசிக்க. டிசம்பர் பாதிக்குள் மைய வாதம் ஒரு வாக்கியமாகத் தாளில் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கத்தரிக்கோல், பசை, வீடியோ மென்பொருள் எல்லாம். டிசம்பர் பாதியில் வாதம் இல்லையென்றால் ஜனவரியில் எதைச் செய்தாலும் அது அலங்காரமாகத்தான் நிற்கும்.

தலைப்பை நறுக்குவது

12 வயதுப் பிள்ளை கொண்டுவரும் முதல் தலைப்பு எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்: 'இரண்டாம் உலகப் போர்', 'பெண்கள் உரிமை', 'காந்தி'. வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள், நறுக்கச் சொல்லுங்கள். நான்கு கேள்விகள் போதும். யார்? எங்கே? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? அதனால் என்ன மாறியது?

'குழந்தைத் தொழிலாளர்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். யார் என்று கேட்டால் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர். நேஷனல் சைல்ட் லேபர் கமிட்டி என்ற அமைப்புக்காக 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் படம் எடுத்தவர். எங்கே என்றால் தென் மாநிலங்களின் பஞ்சாலைகள். ஆண்டுகள் என்றால் 1908 முதல், முதல் கூட்டாட்சிச் சட்டமான கீட்டிங்–ஓவன் சட்டம் வந்த 1916 வழியாக, உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று சொன்ன 1918 வரை. நான்காவது கேள்விக்கான விடைதான் ஆய்வு, அது இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும். இந்த அளவுக்கு நறுங்கிய தலைப்பைத்தான் ஒரு 7ஆம் வகுப்புப் பிள்ளையால் நான்கு மாதத்தில் முழுதாகப் பிடிக்க முடியும்.

தலைப்பை உறுதிசெய்யும் முன் இரண்டு நாள் சோதனை ஒன்று வையுங்கள். பிள்ளையின் வாசிப்புத் தரத்துக்கு எட்டுகிற மூன்று முதன்மைச் சான்றுகளும், வரலாற்றாசிரியர்கள் எழுதிய மூன்று நூல்களோ கட்டுரைகளோ இரண்டு நாளில் கிடைக்கின்றனவா? கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றுங்கள். செப்டம்பரில் மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜனவரியில் மாற்றினால் கண்ணீரில் முடியும்.

'மிகப் பிரபலமான தலைப்பு' என்பதால் மட்டும் ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை. நடுவர் அதே மனிதரைப் பற்றிக் காலையிலிருந்து நான்கு பலகை பார்த்திருக்கலாம். ஐந்தாவது பலகையில் புதிய கேள்வி இருந்தால் அங்கே நிற்பார்.

முதலில் பின்னணி, பிறகு முதன்மைச் சான்று

முதன்மைச் சான்று என்பது அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் விட்டுச் சென்றது: கடிதம், செய்தித்தாள், புகைப்படம், நீதிமன்றத் தீர்ப்பு, சட்டத்தின் வாசகம், நாட்குறிப்பு. பின்னால் வந்தவர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியது இரண்டாம் நிலைச் சான்று. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். தடுமாறுவது கீழே உள்ள இடங்களில்தான்.

வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் மின்னஞ்சலில் பேட்டி எடுத்தால் அது இரண்டாம் நிலைதான். பேட்டி புதிதாக எடுத்தது என்பதற்காக முதன்மை ஆகிவிடாது. சம்பவத்தில் இருந்தவர் நாற்பது ஆண்டு கழித்து எழுதிய நினைவுக்குறிப்பு முதன்மைதான், ஆனால் நினைவு என்ன செய்திருக்கும் என்று யோசிக்க வேண்டிய முதன்மை. ஒரு வலைத்தளத்தில் 1908ஆம் ஆண்டுப் படம் இருந்தால் படம்தான் முதன்மை, அதன் கீழே யாரோ எழுதிய விளக்கம் இல்லை. 'கூகுள் படங்கள்' என்று சான்றுப் பட்டியலில் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை படத்தின் பிறப்பிடத்தைத் தேடவேயில்லை என்று பொருள்.

வாசிக்கும் வரிசை முக்கியம். பொதுவான கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்று, பிறகு ஒரு நல்ல நூலின் இரண்டு மூன்று அத்தியாயங்கள், அதன் பிறகே முதன்மைச் சான்றுகள். பின்னணி தெரியாமல் 1916ஆம் ஆண்டுச் செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளை அதை இன்றைய செய்திபோல் வாசித்துவிடும். விக்கிப்பீடியாவை வரைபடமாகப் பயன்படுத்தலாம்: கட்டுரையின் அடியில் இருக்கும் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகட்டும். பட்டியலில் ஏற வேண்டியது அந்த மூலம்.

இலவசமாகக் கிடைக்கும் நல்ல இடங்கள்: லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளம் (ஹைனின் குழந்தைத் தொழிலாளர் படங்கள் 5,000க்கு மேல் இங்கே இருக்கின்றன), அதே நூலகத்தின் பழைய செய்தித்தாள் திரட்டான குரோனிக்கிளிங் அமெரிக்கா, அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தின் டாக்ஸ்டீச். பழைய செய்தித்தாளைத் தேடும்போது பிள்ளைகள் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று வந்து நிற்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இன்றைய சொல்லைக் கொண்டு தேடியிருப்பார்கள். அந்தக் காலத்தில் என்ன சொல் புழங்கியது என்று முன்பே வாசித்த நூலிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு, தேடல் நடப்பது கணினி தானாகப் படித்தெடுத்த எழுத்தில். மங்கிய அச்சில் அது நிறையத் தப்பாகப் படித்திருக்கும். சொல்லை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்தால் வழி திறக்கும். தீர்ப்பு 1918 ஜூன் 3 என்றால், ஜூன் 4 முதல் ஒரு வாரத்து இதழ்களின் முதல் பக்கத்தைக் கண்ணால் புரட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கூடுதல் கதவு திறந்திருக்கிறது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய கப்பல் கம்பெனியான சுதேசி நாவாய்ச் சங்கம் போன்ற தலைப்பில், மற்றவர்கள் ஆங்கில நூல்களோடு நின்றுவிடும் இடத்தில் இந்தப் பிள்ளை தமிழ் மூலத்தையே படிக்கலாம். மேற்கோளைத் தமிழிலிருந்து தானே பெயர்த்திருந்தால் சான்றுக் குறிப்பில் அதைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தலைப்பில் சான்றைச் சோதிக்க நல்ல பயிற்சி ஒன்றும் கிடைக்கும். போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் பயணிகளுக்கு இலவசமாகக் குடை கொடுத்தது என்ற செய்தி எங்கு பார்த்தாலும் இருக்கும். அதை முதலில் எழுதியது யார், எந்த ஆண்டில், அவருக்கு எப்படித் தெரியும் என்று பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். ஒரே செய்தி இருபது தளங்களில் இருப்பதை இருபது சான்றுகள் என்று எண்ணும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

ஒரு படத்தை அரை மணி நேரம் பார்ப்பது

ஹைனின் படம் ஒன்றில் நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். 1908 நவம்பர், தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலை. அவள் உயரம் 48 அங்குலம், அரை ஆண்டாக வேலை செய்கிறாள் என்கிறது குறிப்பு. இந்தப் படத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் கண்ணில் பட்டதை மட்டும் எழுதட்டும்: இயந்திரத்தின் நீளம், சன்னல், உடை, கை எங்கே இருக்கிறது. 'பாவம்', 'சோகம்' போன்ற சொற்களுக்கு இப்போது இடமில்லை.

அடுத்த பத்து நிமிடத்துக்கு இந்தக் கேள்விகள். எடுத்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? யார் பார்க்க வேண்டும் என்று எடுத்தார்? வயதை எழுதாமல் உயரத்தை ஏன் அங்குலக் கணக்கில் எழுதினார்? (சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கின்றன என்று ஹைன் முன்பே அளந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் உயரம் தெரிந்துவிடும்.) படச் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்திருக்கும்?

கடைசிப் பத்து நிமிடம்: இந்தப் படத்தை மறுத்துப் பேச ஆலை முதலாளிக்கு என்ன இருந்தது? இந்தக் கேள்வியில்தான் ஆய்வு ஒரு பக்கக் கதையாக இல்லாமல் வரலாறாக மாறத் தொடங்கும். ஆய்வு முழுவதிலும் இப்படி அரை மணி நேரம் பார்த்த சான்றுகள் ஐந்தாறு இருந்தால் போதும், போட்டியன்று நடுவர்கள் நடத்தும் நேர்காணலில் பிள்ளை தடுமாறாது.

குறிப்பெடுப்பது

ஒரு அட்டைக்கு ஒரு தகவல். மேலே மூலத்தின் பெயரும் பக்க எண்ணும், நடுவில் பிள்ளையின் சொந்த வாக்கியத்தில் தகவல், அப்படியே எடுத்த வரியென்றால் மேற்கோள் குறிக்குள். அட்டையின் பின்புறம் 'இதனால் எனக்கு என்ன தோன்றுகிறது' என்று ஒரு வரி. அந்தப் பின்புற வரிகளைச் சேர்த்து வாசித்தால்தான் டிசம்பரில் வாதம் கிடைக்கும்.

மூலத்தின் முழு விவரத்தையும் அதே நிமிடத்தில் பட்டியலில் ஏற்ற வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பட்டியலை ஜனவரியில் தொகுக்க உட்கார்ந்தால் இணைப்பு பாதி செத்திருக்கும், நூலகப் புத்தகம் திரும்பப் போயிருக்கும், 'இந்த மேற்கோள் எங்கே படித்தது?' என்று இரண்டு வார இறுதிகள் வீணாகும். பட்டியல் முதன்மை, இரண்டாம் நிலை என்று பிரிந்திருக்க வேண்டும். மூலங்களைக் குறிப்பிடும் நடைகளான எம்எல்ஏ, சிகாகோ இரண்டில் ஒன்றைக் கடைசி வரை பின்பற்றினால் போதும்.

எத்தனை சான்று வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். விதியில் எண்ணிக்கை இல்லை. ஜூனியர் பிரிவுக்கு 15 முதல் 25 வரை இருந்து, அவற்றில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் முதன்மையாக இருந்தால் நல்ல நிலை. 60 சான்று அடுக்கியிருக்கும் பட்டியலைப் பார்த்து நடுவர் அசந்துபோவதில்லை. ஏதோ ஒன்றைச் சுட்டி 'இது எதற்குப் பயன்பட்டது?' என்று கேட்டுவிடுவார்.

ஒவ்வொரு சான்றின் கீழும் இரண்டு மூன்று வாக்கியத்தில் குறிப்புரை எழுத வேண்டும். 'இந்த நூல் குழந்தைத் தொழிலாளர் பற்றியது, மிகவும் பயனுள்ளது' என்று எழுதினால் அது வெற்றுக் குறிப்புரை. 'சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைத்த ஆலைகளின் சரக்கு மாநிலம் தாண்டுவதைத்தான் தடுத்தது, வேலையை நேரடியாகத் தடுக்கவில்லை என்று சட்ட வாசகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். 1918 தீர்ப்பு ஏன் அப்படி வந்தது என்பதை விளக்க இதைப் பயன்படுத்தினேன்' என்று எழுதினால் அந்தச் சான்று வேலை செய்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சான்று கேட்கும் பிள்ளைக்கு ஒரே விதி: அது சொன்ன நூலைக் கையிலோ திரையிலோ திறந்து பார்க்கும்வரை அது பட்டியலில் ஏறக்கூடாது. இல்லாத நூலை இருப்பதுபோல் சொல்வது அந்தக் கருவிகளுக்குச் சாதாரணம்.

மைய வாதம்

'லூயிஸ் ஹைன் தன் படங்களால் குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழித்தார்.' பிள்ளைகள் எழுதும் முதல் வாக்கியம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையில்லை. 1916இல் வந்த சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நீக்கியது. நிலைத்து நின்ற கூட்டாட்சிச் சட்டம் 1938இல்தான் வந்தது. வழக்குப் போட்டவர் பெயரளவில் ஆலை முதலாளி இல்லை. வட கரோலினாவில் பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு தந்தை, அதே ஆலையில் வேலை செய்த தன் இரண்டு மகன்களுக்காகப் போட்ட வழக்கு. பின்னால் இருந்து நடத்தியவர்கள் ஆலை முதலாளிகள். அந்த மகன்களில் ஒருவரே 1923இல் பத்திரிகையாளரிடம், அந்தச் சட்டம் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தனக்குப் படிப்பு இல்லாமல் போனது என்றும் சொன்னார்.

இதையெல்லாம் படித்த பிள்ளை எழுதும் வாக்கியம் தானாகவே மாறும்: 'ஹைனின் படங்கள் பொதுமக்கள் மனத்தை மாற்றி 1916ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி செய்தன, ஆனால் ஏழைக் குடும்பங்களின் வருமானத் தேவையும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரம் எதுவரை என்ற அரசியலமைப்புக் கேள்வியும் தீராததால் சீர்திருத்தம் நிலைக்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.' நீளம்தான். ஆனால் இதை ஒருவர் மறுத்துப் பேச முடியும், மறுப்புக்குச் சான்று காட்டிப் பதில் சொல்லவும் முடியும். வாதம் தேறியதா என்று பார்க்க இந்தச் சோதனையே போதும். மறுக்கவே முடியாத வாக்கியம் தகவலாகத்தான் இருக்கும்.

வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?', 'இதை ஒத்துக்கொள்ளாதவர் யார்?' என்ற இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருங்கள். நான்கைந்து முறை திருத்தி எழுத வேண்டியிருக்கும், அது இயல்பு.

எந்த வடிவம்?

வகைகள் ஐந்து: கட்டுரை, காட்சிப் பலகை, ஆவணப்படம், நாடக நிகழ்ச்சி, இணையதளம். கட்டுரையைத் தனியாக மட்டுமே எழுதலாம். மற்ற நான்கிலும் தனியாகவோ 2 முதல் 5 பேர் சேர்ந்தோ இறங்கலாம். ஐந்து பேர் குழு என்றால் பெற்றோருக்கு ஆசையாக இருக்கும். சந்திக்க நேரம் ஒத்துவருவது ஒரு வாரமும் நடக்காது. இந்த வயதுக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்.

தலைப்பைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யுங்கள். படமும் பொருளும் நிறைய இருந்தால் பலகை. அசையும் படமும் ஒலிப்பதிவும் இருந்தால் ஆவணப்படம். தீர்ப்பும் கடிதமும் மட்டும் இருந்தால் கட்டுரை. 1700க்கு முந்தைய தலைப்பில் ஆவணப்படம் எடுத்தால் காட்டுவதற்குப் படமில்லாமல் ஒரே ஓவியத்தைப் பத்து நிமிடமும் பெரிதாக்கிச் சிறிதாக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

கட்டுரை 1,500 முதல் 2,500 சொற்கள். பலகை அகலம் 40, ஆழம் 30, உயரம் 72 அங்குலத்துக்குள். பிள்ளை தானே எழுதிய சொற்கள் 500க்குள். மேற்கோள் இந்த 500இல் சேராது என்பதால் பலர் பலகை முழுக்க மேற்கோளால் நிரப்பிவிடுவார்கள். அப்போது பிள்ளையின் குரலே கேட்காது. மூன்றடி தள்ளி நின்று வாசிக்க முடியாத எழுத்தை எடுத்துவிடுங்கள். ஆவணப்படமும் நாடகமும் 10 நிமிடம். ஆவணப்படத்தில் கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலும் அந்தப் பத்துக்குள் அடங்கும் என்பதால் வாசிப்பு உரை ஏறக்குறைய 1,200 சொல்லோடு நிற்கட்டும். அதைத் தாண்டினால் பிள்ளை மூச்சு வாங்காமல் ஓடும். நாடகத்துக்கு மேடை அமைக்க 5 நிமிடம், எடுக்க 5 நிமிடம் தனி. இணையதளத்தில் 1,200 சொற்கள், ஒலி ஒளித் துண்டுகள் எல்லாம் சேர்த்து 3 நிமிடம். போட்டி நடத்துபவர்களின் என்எச்டி வெப்சென்ட்ரல் தளத்தில்தான் கட்ட வேண்டும், கெடு தேதியில் அது பூட்டப்படும். விதிநூல் அவ்வப்போது திருத்தப்படுவதால் அந்த ஆண்டுப் பதிப்பை இறக்கி இந்த எண்களை ஒருமுறை சரிபாருங்கள்.

கட்டுரை தவிர மற்ற நான்கு வகைகளோடும் 500 சொல்லுக்குள் ஒரு செயல்முறைக் கட்டுரை போக வேண்டும். தலைப்பை எப்படித் தேர்ந்தாய், ஆய்வு எப்படி நடந்தது, படைப்பை எப்படிச் செய்தாய், வாதம் என்ன, இந்தத் தலைப்புக்கு வரலாற்றில் என்ன முக்கியத்துவம் என்ற ஐந்துக்கும் அதில் விடை வேண்டும். முதல் மூன்றுக்கு 450 சொல் போய்விட்டு வாதத்துக்கு ஐம்பது மிஞ்சுவது வழக்கமான தப்பு. வாதத்திலிருந்து எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். தலைப்புப் பக்கத்தில் பள்ளிப் பெயர், வகுப்பு, வயது வரக்கூடாது.

பெரியவர் கை எதுவரை?

கேள்வி கேட்கலாம், நூலகத்துக்கு அழைத்துப் போகலாம், எழுத்துப்பிழை இருக்கும் வரியைச் சுட்டலாம், பலகைக்கான மரத்தை ஆபத்தான மின்கருவியால் அறுத்துத் தரலாம். வாக்கியம் எழுதுவது, பலகையை வடிவமைப்பது, வீடியோ வெட்டி ஒட்டுவது எல்லாம் பிள்ளையின் வேலை. விதி ஒருபுறம் இருக்கட்டும், நேர்காணலில் அது உடனே வெளிப்பட்டுவிடும். 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?' என்று நடுவர் கேட்டதும் பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்க்கும்.

நடுவர் முன்னால்

நேர்காணல் சில நிமிடம்தான். மனப்பாடம் செய்த உரையை ஒப்பிக்க அங்கே இடமில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும். ஆகவே வீட்டில் உரை எழுதிக் கொடுத்துப் பயிற்சி செய்வது வீண். தலைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரையோ சித்தப்பாவையோ உட்காரவைத்து இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: உன் சான்றுகளில் மிக முக்கியமானது எது, ஏன்? எந்தச் சான்றை முழுதாக நம்பவில்லை? ஆய்வின் நடுவில் உன் கருத்து எங்கே மாறியது? குழுவில் நீ என்ன செய்தாய்? 'தெரியாது, அதை நான் தேடவில்லை' என்று நேராகச் சொல்லவும் பழக்குங்கள். கதை கட்டினால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்ளும்.

வட்டாரத்திலிருந்து மாநிலத்துக்குப் போனால் இடையில் படைப்பைத் திருத்தலாம். நடுவர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை அன்று மாலையே வாசிக்க வேண்டாம், இரண்டு நாள் போகட்டும். பிறகு ஒரே தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: வாதம், சான்று பற்றிய குறைகள் ஒருபக்கம், தோற்றம் பற்றியவை மறுபக்கம். முதல் பத்தியை முடித்த பிறகுதான் இரண்டாவது. புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு சான்றும் பட்டியலிலும் குறிப்புரையோடு ஏறியிருக்கிறதா, சொல் எண்ணிக்கை வரம்பைத் தாண்டவில்லையா, தலைப்புப் பக்கத்தில் போட்ட எண் புதிய எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அச்செடுங்கள். கேட்ட பிரதிகளுக்கு மேல் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.